கரண்டு இல்லாத சங்கரன்கோவிலில் முப்பத்தாறு ஸ்லைடுகள்

மூன்று ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்ப் பேசி வருகிறேன். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘ஓவியத்தையும் சிற்பத்தையும் பார்ப்பது எப்படி?’ திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கலை வரலாறு கற்பிப்பவன் நான். கல்லூரிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லித் தரலாம் என்று ஒரு திட்டம் போட்டு, அதற்கு அனுமதி வாங்க நாயாய் அலைந்து, புரொஜெக்டரையும் முப்பத்தாறு ஸ்லைடுகளையும் தூக்கிக்கொண்டு இதுவரை பதினான்கு ஊர்களுக்குப் போயிருக்கிறேன். பதினைந்தாவது ஊர் சங்கரன்கோவில். இந்த 1983 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். அதுவே கடைசி ஊராகவும் ஆகியிருக்கலாம்.

ஏனென்றால் எங்கள் துறைத் தலைவருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. அவருக்கு என்னையே பிடிக்காது என்பது வேறு விஷயம். “சாதாரண ஜனங்கள் படத்தைப் பார்ப்பதில்லை, கும்பிடுகிறார்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பார்வை அல்ல” என்று மார்ச் மாதத் துறைக் கூட்டத்தில் சொன்னார். நான் எகிறினேன். அவர் அமைதியாக ஒரு நிபந்தனை வைத்தார். “உங்கள் ஸ்லைடுகளில் நீங்கள் பார்க்காத ஒன்றை, கூட்டத்துக்கு வந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். ஒன்றே ஒன்று போதும். எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் திட்டத்தை நிறுத்திக்கொள்வோம்.”

குரூரமான நிபந்தனை. அந்த முப்பத்தாறையும் ஆயிரம் தடவையாவது பார்த்தவன் நான். நான் பார்க்காத எது அதில் மிச்சம் இருக்கும்?

துறைத் தலைவருடைய குணத்தை நான் பதினொரு ஆண்டுகளாக அறிவேன். வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு பாழடைந்த மண்டபத்துத் தூணில் சங்கரநாராயணர் சிற்பம் ஒன்று இருக்கிறது. பாதி சிவன், பாதி திருமால். எங்கும் சாமியின் வலது பாதி சிவனாகவும் இடது பாதி திருமாலாகவும்தான் இருக்கும். இந்தத் தூணில் பக்கங்கள் மாறியிருக்கின்றன. நண்பர் ஒருவர் படம் எடுத்து ஸ்லைடாகக் கொடுத்துவிட்டு வடக்கே மாற்றலாகிப் போனார். அதை வைத்து இருபத்திரண்டு பக்கக் கட்டுரை எழுதி, கல்லூரி மலருக்குக் கொடுத்தேன். அப்போது மலரின் பொறுப்பில் இருந்தவர் இவர்தான். கட்டுரை திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள்: ‘நேரில் பார்த்தீர்களா?’

பார்க்கவில்லைதான். ஆனால் அவர் கேட்டுவிட்டார் என்பதற்காக ஓடிப்போய்ப் பார்ப்பதா? திருநெல்வேலியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். பதினொரு ஆண்டுகள் போகவில்லை. அந்த ஸ்லைடை மட்டும் பத்தொன்பதாவது எண்ணாக வைத்து, ‘சமநிலை’ என்ற பாடத்துக்கு எல்லா ஊர்களிலும் காட்டி வந்தேன்.

பயணத்துக்கு வருகிறேன். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து காலை 6.40 பேருந்து. சங்கரன்கோவில் 56 கிலோமீட்டர். மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழி. கட்டணம் நாலு ரூபாய் எண்பது காசு. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் வெயில் படாது. ஏறியவுடன் நடத்துநர் என் தகரப் பெட்டியைக் காலால் நெம்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, என்ன இது, கல்லா?”

“படம் காட்டும் மெஷின்.”

“சினிமாப் படமா?”

“இல்லை. அசையாத படம்.”

“அசையாத படத்துக்கா இம்புட்டு வெயிட்டு? லக்கேஜ் அம்பது காசு எடுங்க.”

எடுத்தேன். பெட்டி ஒன்பது கிலோ.

8.25க்கு சங்கரன்கோவில். பேருந்து நிலையத்துக்கு எதிரே நாலு இட்லி, ஒரு காபி, ஒரு ரூபாய் அறுபது காசு. சாம்பார் சுமார், மிளகாய்ப்பொடி அருமை. நேரம் இருந்ததால் கோவிலைச் சுற்றி நடந்தேன். இந்த ஊருக்கு வருபவர்கள் ஒன்று செய்யலாம். ஒன்பது நிலைக் கோபுரத்தை முதலில் தேரடி வீதியின் மறுகோடியில் நின்று பாருங்கள். அங்கிருந்து அது ஒரே வடிவம். மேலே போகப் போகக் குறுகும் ஒரு கோடு, அவ்வளவுதான். பாதித் தூரம் நடந்து வந்து மறுபடி பாருங்கள். கோடு உடைந்து மாடங்களாகப் பிரியும். வாசலில் வந்து நின்றால் முழுசாக ஒன்றும் தெரியாது; பொம்மைகள்தான் தெரியும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பது பார்வையில் பாதி. இதைச் சொல்லித் தரக் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்புகள் ஆகும். இங்கே ஐந்து நிமிட நடை.

கூட்டம் நெசவாளர் தெரு ஒன்றில் உள்ள படிப்பகத்தில். அழைத்தவர் தேவசகாயம். மிஷன் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர். முப்பது வயது இருக்கும். நான் போனபோது பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க விசைத்தறிகளின் சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“நோட்டீஸில் ஏன் பத்தரை மணி என்று போட்டீர்கள்?” என்று கேட்டேன். “நான் மாலையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதானே எழுதினேன்?”

“பத்துக்கு கரண்டு போயிரும் சார். ஒரு மணிக்குத்தான் வரும். அந்த மூணு மணி நேரந்தான் தறிக்காரங்க சும்மா இருப்பாங்க. கரண்டு இருக்கையில கூப்பிட்டா ஒரு ஈ, காக்கா வராது.”

நான் என் பெட்டியைப் பார்த்தேன்.

“தேவசகாயம், புரொஜெக்டர் எதில் ஓடும்?”

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். துடைத்த துணியோடு தலையில் கைவைத்துக்கொண்டார். “சார்… ஆள் வரணும்னு மட்டுந்தான் சார் யோசிச்சேன்.”

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதப் போவதில்லை. ‘ஸ்லைடுகளுடன்’ என்று என் கடிதத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். கரண்டு இருந்தால் ஆள் இல்லை. ஆள் இருந்தால் கரண்டு இல்லை. துறைத் தலைவரே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இப்படி ஒரு ஏற்பாடு செய்திருக்க முடியாது.

சரியாகப் பத்துக்குத் தறிகள் நின்றன. தெருவெங்கும் ஒரே நொடியில். திடீரென்று யாரோ இருமுவதும், எங்கோ சோறு வடிக்கும் சத்தமும், ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. பத்து நிமிடத்தில் படிப்பகம் நிறைந்துவிட்டது. ஐம்பத்து மூன்று பேர். பதினான்கு ஊர்களில் எங்கும் எனக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. தறி ஓட்டுபவர்கள், தறிக்கான நூலைத் தாரில் சுற்றும் பெண்கள், துணி மடிப்பவர்கள். பலர் தலைமுடியில் பஞ்சுத் தூசி.

படம் இல்லாமல் பேசத் தொடங்கினேன். கோடு, வடிவம், வெளிச்சம், சமநிலை. பத்து நிமிடத்தில் மூன்று கொட்டாவிகளை எண்ணினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். பெயர் மாடசாமி என்று பிறகு தெரிந்தது. நாலு தறி ஓட்டுபவர், ஊருக்கே கேலிக்காரர்.

“சார், படம் காட்டுவோம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே. படம் எங்க?”

ஸ்லைடுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். “எல்லாம் இதற்குள் இருக்கிறது. கரண்டு இல்லை.”

“இத்துணூண்டா? ஒண்ணக் குடுங்க, பாப்போம்.”

கொடுத்தேன். அவர் ஜன்னலுக்குப் போய், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் பித்தளைச் சாமான் ஒன்றை எடுத்து விரித்தார். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்கான மடக்குக் கண்ணாடி. மேலே பூதக்கண்ணாடி, அடியில் அளவெடுத்தாற்போல ஓர் அங்குலச் சதுரத் துளை. ஸ்லைடில் உள்ள படமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணாடியை ஸ்லைடின் மேல் வைத்து, வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

“ஏ யப்பா!” என்றார். “ஏலே, வந்து பாருங்கலே!”

அடுத்த இரண்டு நிமிடத்தில் அந்த அறையில் நாலு நூல் எண்ணும் கண்ணாடிகள் வெளியே வந்தன. இரண்டு ஜன்னல்கள், இரண்டு வரிசைகள். நானும் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். சுவரில் பத்தடிக்குப் பெரிதாக்கிக் காட்டும்போது மங்கிவிடும் நிறங்கள், இந்தச் சின்னத் துளைக்குள் ஈரம் காயாத மாதிரி ஒளிர்ந்தன. இத்தனை ஆண்டுகள் ஒன்பது கிலோவை வீணாகச் சுமந்திருக்கிறேன்!

ஒரே ஒரு விதி வைத்தேன். “என்ன சாமி, யார் வரைந்தது, என்ன விலை என்று சொல்லக் கூடாது. கண்ணில் படுவதை மட்டும் முதலில் சொல்லுங்கள். அர்த்தம் பிறகு.”

“சாமி பேரச் சொல்லாம சாமிய எப்படிப் பாக்கது?” என்றார் மாடசாமி.

பின்னால் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “உன் பேரு எழுதாமத்தானவே உன் துணியும் வருது. பத்துப் பேரு துணிய ஒண்ணாப் போட்டாலும் இது மாடசாமி ஓட்டுனதுன்னு நான் பாத்த ஒடனே சொல்லுதேன்லா?”

அறை சிரித்தது. “கோமதியக்கா கண்ணுக்குத் தப்ப முடியுமா?” என்றார் ஒருவர், கொஞ்சம் கசப்போடு. கோமதிக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில், நெய்து வரும் துணியைப் பரப்பிப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இழை விட்டுப்போன இடத்திலெல்லாம் சாக்குக்கட்டியால் குறி வைப்பார். குறி விழுந்த துணிக்குக் கூலி குறையும். அதனால் நெசவாளர்களுக்கு அவர்மேல் பெரிய பிரியம் இல்லை. ஆனால் அவர் இப்போது சொன்னது என்ன? பெயர் போடாத ஒரு வேலையைப் பார்த்து, செய்த கையை அடையாளம் காண்பது. ‘பாணி’ என்று நான் ஒரு மணி நேரம் நடத்தும் பாடம் அது. ஒரு கேலியில் முடிந்துவிட்டது.

வெறும் கட்டங்களாலான நவீன ஓவியம் ஒன்றைக் கொடுத்தேன். மற்ற ஊர்களில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் சொந்தத் துறையிலேயே சிரித்திருக்கிறார்கள்.

“கைலி” என்றார் மாடசாமி.

“கைலின்னா கட்டம் சொன்ன மாதிரி திரும்பி வரணும்லா” என்றார் பக்கத்தில் இருந்த ஒரு தறிக்காரர். “மூணாவது வரிசையில மஞ்சக் கட்டத்த மட்டும் பெருசு பண்ணிருக்கான். கைதவறி வந்ததில்ல. எதுத்த மூலையில கறுப்பையும் பெருசாக்கி அத இழுத்துப் புடிச்சிருக்கான் பாருங்க.”

எனக்குக் கைதட்டத் தோன்றியது. சமநிலை என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது அல்ல, ஒன்றை இன்னொன்று தாங்கிப் பிடிப்பது என்று எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் துறைத் தலைவரின் நிபந்தனை உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மஞ்சளும் கறுப்பும் எனக்குத் தெரியும். இன்னொரு ஸ்லைடின் சுவரோவியத்தில் இருக்கும் பெண்ணின் கை நம் கண்ணை எங்கே கூட்டிப்போகிறது என்று ஒரு பெண் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியும். அற்புதமாகப் பார்க்கிறார்கள், ஆனால் நான் பார்த்ததைப் பார்க்கிறார்கள். மணி பதினொன்றே முக்கால்.

பத்தொன்பதை எடுத்தேன். நேரம் போகப் போக எனக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. சங்கரநாராயணர் ஊரிலேயே சங்கரநாராயணரைக் காட்டப் போகிறேன் அல்லவா? “இந்த ஒன்றுக்கு மட்டும் விதியை நானே மீறுகிறேன்” என்று சொல்லிவிட்டு, இது எந்த சாமி என்றும், பக்கம் மாறிய இந்தச் சிற்பம் எவ்வளவு அபூர்வம் என்றும், இதைப் புரிந்துகொள்ளாத படித்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் ஐந்து நிமிடம் பேசினேன். ஸ்லைடு கைமாறிப் போய்க் கோமதியிடம் நின்றது. அவர் வெகுநேரம் பார்த்தார்.

“சார், தூணு பக்கத்துல நிக்க இந்த ஆளு யாரு?”

“அவரை விட்டுவிடுங்கள். சிலை எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காக யாரையோ நிற்க வைத்தது.”

“அவரு சட்டையத் தச்ச டெய்லரு யாருன்னு தெரியுமா?”

“ஏக்கா, சாமியப் பாருன்னு குடுத்தா சட்டையப் பாக்கியே!” என்றார் மாடசாமி.

“எனக்குத் துணிதாம்ல மொதல்ல கண்ணுல படும்.” கோமதி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பை வலத்த இருக்கு சார். பேனா சொருவிருக்காரு. பொத்தான் பட்டியும் மாறி இருக்கு. ஆம்பளச் சட்டைக்கு வலத்த எவன் பை வைப்பான்?”

“தச்சவன் தண்ணியப் போட்டிருப்பான்” என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

கோமதி சிரிக்கவில்லை. ஸ்லைடைக் கண்ணாடியிலிருந்து உருவி, மறுபுறம் திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“இப்பப் பாருங்க. பை இடத்த வந்துட்டு. சாமியும் நம்ம கோவில்ல இருக்காப்ல சரியா வந்துட்டாரு. துணின்னா எது மேல்பக்கம், எது உள்பக்கம்னு மொதல்ல பாக்கணும்லா சார். நீங்க உள்பக்கத்த வச்சிக்கிட்டு…” பாதியில் நிறுத்திக்கொண்டார். மரியாதைக்காக நிறுத்தினார் என்பது புரிந்தது.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பை இடது மார்பில். சாமியின் வலப் பாதியில் சடை, மழு. இடப் பாதியில் கிரீடம், சங்கு. எல்லாக் கோவிலிலும் இருப்பது போல. நண்பர் ஸ்லைடின் அட்டையில் தலைப்பைத் தவறான பக்கத்தில் எழுதியிருக்கிறார். எழுத்து இருந்த பக்கம்தான் மேல்பக்கம் என்று நான் நம்பியிருக்கிறேன். இருபத்திரண்டு பக்கக் கட்டுரை. பதினொரு ஆண்டு வகுப்புகள். பதினான்கு ஊர்கள். அந்த மனிதரை ‘வெறும் அளவுக்காக நிற்பவர்’ என்று ஒவ்வொரு முறையும் நானே ஒதுக்கியிருக்கிறேன். அவர் அத்தனை காலமும் வலது பக்கப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

“என்ன சார், அக்கா சொல்லுதது சரியா?” என்றார் மாடசாமி.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பழைய படம், அச்சுக் கோளாறு என்று ஒரு வார்த்தை போதும். தேவசகாயம் கூட அதற்குத் தயாராக என் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று பேரும் இரண்டு மணி நேரம் நேர்மையாகப் பார்த்துவிட்டு நிற்கிறார்கள். “இதை நான் பதினொரு வருடமாகத் தப்பாகப் பார்த்திருக்கிறேன்” என்றேன். “இவர் சொல்வதுதான் சரி.”

“அக்கா, சாருக்கே குறி வச்சிட்டியே!” என்று மாடசாமி கத்த, கூரை இடிந்து விழுகிற மாதிரி கூட்டம் சிரித்தது. விசித்திரம் என்னவென்றால், நானும் சிரித்தேன். கோமதிக்குத்தான் சங்கடம். “தெரியாமச் சொல்லிட்டேன் சார், தப்பா எடுத்துக்கிடாதிய” என்றார். தெரியாமல் சொல்லவில்லை, பார்த்துச் சொன்னீர்கள் என்றேன். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் பார்க்காத ஒன்றை ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார். நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் அதை எழுதிக் கொடுத்தால், பென்சிலால் கேட்ட அந்தக் கேள்வி சரியானது என்று அதே மனிதரிடம் நானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகும்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கரண்டு வந்துவிட்டது. முதலில் ஒரு தறி, பிறகு தெரு முழுவதும். இரண்டு நிமிடத்தில் அறை காலி. “வாரோம் சார்!” என்ற குரல்கள் தறிச் சத்தத்தில் கரைந்தன. காலிப் பெஞ்சுகளுக்கு நடுவே தேவசகாயம் நின்றுகொண்டு, “இப்ப புரொஜெக்டர் போடலாம் சார்” என்றார். பாவம், உண்மையாகவே சொன்னார்.

பெட்டியை அவரிடமே விட்டுவிட்டு, 1.50க்குப் புளியங்குடி பேருந்தில் ஏறினேன். அங்கே மாறி, வாசுதேவநல்லூரில் இறங்கும்போது 3.10. இரண்டு பேருந்துக்கும் சேர்த்து இரண்டு ரூபாய் எழுபது காசு. ஒரு கண்மாய்க் கரையோடு மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தண்ணீர் இல்லை, கரையில் நிழலும் இல்லை. எதிரே மலை மட்டும் நீலமாக நிற்கிறது. மண்டபத்துக்குள் இருபது ஆடுகள் படுத்திருந்தன. மேய்ப்பவர் எழுந்து வந்தார்.

“கவர்மெண்டா அண்ணாச்சி? மண்டபத்த எடுக்கப் போறியளா?”

“இல்லை. இந்தச் சிலையைப் பார்க்க வந்தேன்.”

“பாக்கதுக்கு மட்டுமா பஸ் ஏறி வந்திய?”

“பதினொரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.”

“கல்லுதான. அது எங்க போவப் போவுது?” என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஒதுக்கி வழிவிட்டார்.

தூணில் சாமி, வலது பாதி சிவனாக, எல்லா ஊரிலும் இருப்பது போலவே நின்றார். அபூர்வம் ஒன்றும் இல்லை. ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் அது. சிற்பம் பார்க்கச் சிறந்த நேரம் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நான் வந்து பார்த்ததில்லை. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தைத் தேடினேன். கோடு எங்கும் இல்லை. ஒரு பக்கம் புலித்தோல், மறுபக்கம் பட்டு. ஆனால் இடுப்பில் கட்டிய கச்சை மட்டும் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்துக்கு அறுபடாமல் ஓடுகிறது. கிரீடமும் சடையும் வேறு வேறு, இமைகள் மட்டும் ஒரே அளவு தாழ்ந்திருக்கின்றன. இரண்டு பேரை ஓர் உடம்பில் நிறுத்த அந்தச் சிற்பி கண்ட வழி அந்தக் கச்சையும் இமையும்தான். என் இருபத்திரண்டு பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பக்கம் மாறியிருக்கிறது என்ற ஒன்றைத் தவிர நான் அதில் எதையுமே பார்த்திருக்கவில்லை. நான் பார்க்காமல் எழுதிய கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் மேல் பதினொரு ஆண்டு கோபத்தில் இருந்திருக்கிறேன். ஐந்து மணி வரை சுற்றிச் சுற்றி வந்தேன். மேய்ப்பவர் இரண்டு முறை தண்ணீர் கொடுத்தார். இரண்டாவது முறை அவரும் பக்கத்தில் நின்று, கச்சையை விரலால் தொட்டுத் தொடர்ந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரே நாளில் இரண்டு இடமும் பார்க்கலாம். வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வசதியாகத் திரும்ப 5.40 பேருந்தைப் பிடியுங்கள். நான் அதைப் பிடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒன்பதரைக்கு வீடு சேர்ந்தேன். மொத்தச் செலவு பதினெட்டு ரூபாய்க்குள். சங்கரன்கோவிலில் மின்வெட்டு நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது, விசாரித்துவிட்டுப் போங்கள். தெருவுக்குள் ஆட்களோடு பேச வேண்டுமானால் அந்த நேரம்தான் நல்லது. மண்டபத்துக்குக் குடையும் தண்ணீரும் அவசியம். சிற்பத்தைக் காலையில் பார்க்காதீர்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. பார்க்கும்போது முதல் பத்து நிமிடம் பெயர், வரலாறு, புராணம் எதையும் நினைக்காதீர்கள். என்ன துணி, எந்தப் பக்கம், எங்கே கோடு நிற்கிறது, எங்கே தொடர்கிறது என்று மட்டும் பாருங்கள். படத்தில் தேவையில்லை என்று யாராவது ஒன்றை ஒதுக்கச் சொன்னால், அதை இரண்டு முறை பாருங்கள்.

ஞாயிறு முழுவதும் அறிக்கைத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர் கூற்று என்ற இடத்தை நிரப்பாமல், வந்தவர்கள் வருகைத் தாளில் போட்ட ஐம்பத்து மூன்று கையெழுத்துகளை மட்டும் கொடுத்துவிட்டுச் சண்டை போடலாமா என்று யோசிக்காமல் இல்லை. அப்படிச் செய்தால் திட்டம் போய்விடும், கௌரவம் மிஞ்சும். கடைசியில் கோமதியின் பெயர், தொழில், அவர் சொன்னது, ஸ்லைடு எண், என் பிழையின் வயது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன்.

திங்கட்கிழமை துறைத் தலைவர் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை. பிறகு ஸ்லைடை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பி, சட்டைப் பையைத் தேடிப் பிடித்தார். அடுத்த ஆண்டுக்கான தாளில் கையெழுத்துப் போட்டார். நான் கதவு வரை வந்துவிட்டேன்.

“ஒரு நிமிடம்” என்றார். பீரோவைத் திறந்து தன் ஸ்லைடுப் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். இருபது ஆண்டு பாடங்கள், இருநூற்று நாற்பது ஸ்லைடுகள். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. “அடுத்த தடவை சங்கரன்கோவில் போகும்போது இவற்றையும் அந்த அம்மாவிடம் ஒரு பார்வை காட்டிவிடுங்கள்.”

வாங்கிக்கொண்டேன். ஏழு கிலோ இருக்கும். அவற்றில் குறைந்தது பத்து ஸ்லைடுகளாவது பக்கம் மாறியிருக்கும் என்பது என் நம்பிக்கை.